செல்லதுரைக்கு இரட்டை அஞ்சலி

செல்லதுரையின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் குடித்து வைத்த சாயா கிளாஸின் சூடு ஆறுவதற்குள், செல்லதுரையின் மனைவி படியேறி வந்தாள்.

மட்டாஞ்சேரி முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர் ராமபத்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முன்னால் வந்தவள் இல்லை இவள். அவள் வெள்ளை முண்டும் தோளில் நேரியதும் உடுத்த மலையாளத்துக்காரி, பெயர் கமலாக்ஷி. இவள் சாயம் போன நீலச் சேலை கட்டியிருந்தாள்.

"யாரு வேணும்?"

"நான் செல்லதுரை பொஞ்சாதி அய்யா. பேரு மாயம்மா. மனைவி நேர்ல வரணும்னு கார்டு போட்டிருந்தீகளே, அதான் வந்தேன்."

"எந்தச் செல்லதுரை?"

"லாரி ஓட்டுன செல்லதுரைதான். மொதல்ல மிலிட்டரில இருந்தாகள்லா. இந்தா பாருங்க, அவுக சர்வீஸ் பேப்பரு."

ராமபத்ரன் வாங்கிப் பார்த்தார். அதே நம்பர், அதே ரெஜிமெண்ட். மனைவி என்ற இடத்தில் மாயம்மாள் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் டைப் அடித்திருந்தது. கமலாக்ஷி கொடுத்துவிட்டுப் போன செல்லதுரையின் போட்டோ மேஜை மேல் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தது. ராமபத்ரன் அதைக் கவிழ்த்தார். அதன் மேல் ஒரு தாளைப் போட்டார். தாளின் மேல் பேப்பர்வெயிட்டை வைத்து, அதற்கு மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

ராமபத்ரனுக்கு பஜாரில் 'சரமம் சாமி' என்று பெயர். மலையாளப் பத்திரிகையில் இறந்தவர்களின் செய்தி வரும் பக்கத்துக்கு 'சரமம்' என்று தலைப்பு. ஊரார் முதல் பக்கத்திலிருந்து பேப்பர் படித்தால், இவர் சரமத்திலிருந்து படிப்பார். பட்டாளத்தில் இருந்தவன் எவனாவது போயிருந்தால் அந்தச் செய்தியைக் கத்தரித்து ஒட்டி, அவனுடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிப் போடுவார். செய்தி வராமல் செத்தவனுக்கு அவரே செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார். ராணுவக் கணக்கில் ஒருவன் முறையாகச் செத்தால்தான் வீட்டில் இருப்பவர்கள் முறையாக வாழ முடியும் என்பது அவர் கட்சி. நல்ல காரியம்தான். ஆனால் காய்ச்சலில் கிடப்பவனைப் பார்க்க அவர் நாலு ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றால், அந்த வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார்கள்.

செல்லதுரை சமாசாரம் இந்தப் பொதுச் சேவையில் சேராது. அறுபத்தைந்து சண்டையில், காலில் குண்டு பட்டுக் கிடந்த ராமபத்ரனை லாரியில் போட்டுக்கொண்டு, எதிரி விமானம் பார்த்துவிடக் கூடாதே என்று விளக்குப் போடாமலே ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன். பட்டாளத்தை விட்டபின் அவனும் மட்டாஞ்சேரிக்கே சுக்கு மிளகு லாரி ஓட்ட வந்து சேர்ந்தான். சங்கத்துக் கூட்டம் முடிந்ததும் ஒரு சாயாகூடக் குடிக்காமல் இடக்கொச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான்.

"வீட்டுல தேடுவாங்க சார்" என்பான்.

ராமபத்ரன் உருகிப்போவார். கூட்டத்துக்குக் கூட்டம் அவனை எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். "குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஸ்ரீராமன் மாதிரி ஒருத்தியை நினைச்சான், அவளோடயே இருக்கான். பாத்துக் கத்துக்கோங்கோ." செல்லதுரை தலையைக் குனிந்துகொள்வான். என்ன அடக்கம் என்று ராமபத்ரன் மறுபடி உருகுவார்.

அவன் மாரடைப்பில் போனபோது ராமபத்ரன் பாலக்காட்டில் மருமான் கல்யாணத்தில் இருந்தார். திரும்பி வந்து செய்தி கேட்டு அழுதார். அழுது முடித்ததும் மனைவி நேரில் வரவும், போட்டோவும் சர்வீஸ் பேப்பரும் கொண்டுவரவும் என்று இடக்கொச்சி விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று, பழைய ரெக்கார்டில் இருந்த சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்கும் இன்னொரு கார்டு போட்டார். அதிகக் கவனம் ஆளைக் கெடுக்கும் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"போட்டோ கேட்டிருந்தீகளே அய்யா" என்றாள் மாயம்மாள். "அது வந்து..."

"போட்டோ வேண்டாம்மா. எங்கிட்டயே ஒண்ணு இருக்கு."

"ஆமா, அதத்தான் சொல்ல வாரேன். அது..."

"ஒண்ணும் சொல்லண்டாம். துக்கத்துல இருக்கேள். சாயா குடிங்கோ."

"அய்யாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"கீழே மிளகு கோடவுன். அந்த நெடி."

மிளகு நெடிக்குத் தும்மல்தான் வரும், வேர்க்காது. மாயம்மாள் அவரையும் அவர் அழுத்திப் பிடித்திருந்த பேப்பர்வெயிட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"எங்க தங்கியிருக்கேள்?" என்று மெல்லக் கேட்டார்.

"இங்கனதான், வேண்டப்பட்டவ ஒருத்தி வீட்டுல. மறுபடி வரணும்னா சொல்லி விடுங்க, வாரேன்."

அவள் போனபின் ராமபத்ரன் மேஜையில் தலையைக் கவிழ்த்தார். கமலாக்ஷியும் அப்படித்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சார், ஒரு காரியம் சொல்லணும். சேட்டனோட சர்வீஸ் பேப்பர் பின்னால வருது" என்று ஆரம்பித்தாள். "மெதுவா வரட்டும்" என்று அவளைத் தடுத்துவிட்டு ராமபத்ரன் ஸ்ரீராமன் கதையை விஸ்தாரமாகச் சொன்னார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேரியதால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தார். அவளுக்கு மட்டும் விஷயம் தெரிந்தால்? கிராமத்திலிருந்து வந்திருக்கும் இவளுக்குத் தெரிந்தால்? இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் இடிந்துபோவார்கள். தனக்கு உயிரைக் கொடுத்தவனின் பெயர் பஜாரில் சந்தி சிரிக்கும். ராமபத்ரன் இருக்கும்வரை அது நடக்காது என்று முடிவு செய்தார்.

முதல் காரியமாக, மாடிப்படிக்குக் கீழே சாயாக்கடை வைத்திருந்த அப்புவைக் கூப்பிட்டார்.

"அப்பு, இப்போ வந்துட்டுப் போன ரெண்டு பேரையும் பாத்தியோ?"

"கண்டு சாமி."

"இனிமே ஒருத்தி மேல இருக்கறச்சே இன்னொருத்தி இந்தப் படியை மிதிக்கப்படாது. உன் கடையில உக்கார வெச்சு சாயா கொடு. வெளியில தலை காட்ட விடாதே."

"அதுக்கு சாமி, அவங்க ரெண்டு பேரும்..."

"எதிர்க்கேள்வி கேக்காதே. செத்துப்போன ஒரு மனுஷனோட மானம் உன் கையில இருக்கு."

அப்பு தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனான். அவன் சாயா போடுவதில் கெட்டிக்காரன். மானத்தையும் கையில் கொடுத்தால் என்ன செய்வான்?

அடுத்தது செய்தி எழுதுவது. சரமத்தில் வரும் செய்திக்கு ஒரு முறை உண்டு. பெயர், வயது, பார்த்த வேலை, அப்புறம் 'மனைவி' என்று போட்டுப் புள்ளி வைத்து ஒரு பெயர். பிள்ளைகள் செல்லதுரைக்கு இல்லை என்பதால் அந்த வரி மிச்சம். மனைவி வரிதான் உதைத்தது. நேற்றுவரை எத்தனையோ பேரை அனுப்பி வைத்த பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

மத்தியானம் மோர் சாதம் சாப்பிடும்போது அவருக்கு வழி பிறந்தது. கமலாக்ஷி படிப்பது மலையாளம். மாயம்மாளின் ஊரில் படிப்பது தமிழ். மலையாளப் பேப்பரில் கமலாக்ஷி பெயரையும், தமிழ்ப் பேப்பரில் மாயம்மாள் பெயரையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. எழுதி இரண்டு கவரில் போட்டு, ஒரே போட்டோவை ஸ்டூடியோவில் இரண்டாக்கி, படகேறி எறணாகுளம் போனார். பிராட்வேயில் இரண்டு பத்திரிகைக்கும் ஏஜெண்டான சங்கரலிங்கத்திடம் கொடுத்தார்.

"ரெண்டையும் மாத்திடாதேயும்" என்று மூன்று தரம் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல சாமி, போயிட்டு வாங்க" என்றார் சங்கரலிங்கம்.

செய்தி வந்த காலையில் ராமபத்ரன் படகு ஜெட்டிக் கடையில் நின்றபடியே மலையாளப் பேப்பரைப் பிரித்தார். செல்லதுரை சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, 'மனைவியர்: மாயம்மாள், கமலாக்ஷி' என்று அச்சாகியிருந்தது. தமிழ்ப் பேப்பரைப் பிரித்தார். அதிலும் மனைவியர். அதிலும் இருவர்.

ராமபத்ரன் ஜெட்டிக் கடையிலிருந்த பேப்பர்களை ஒட்டுமொத்தமாக வாங்கினார். பஜாரில் இருந்ததையும் வாங்கினார். தோப்பும்படிக்கு ஓடி, இடக்கொச்சி பஸ் நிற்கும் இடத்தில் தொங்கிய பேப்பர்களையும் கயிற்றோடு இறக்கினார். எல்லாவற்றையும் கைவண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"ஏன்னா, பழைய பேப்பர் கடை வெக்கப் போறேளா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி.

"இது இன்னிப் பேப்பர்."

"நாளைக்குப் பழசாயிடுமே" என்று ஒரு பேப்பரை உருவினாள். படித்தாள். "ரெண்டு பேரா? இவனையா என் அண்ணாவுக்கு உதாரணம் காட்டினேள்?"

ராமபத்ரன் அதைப் பிடுங்கி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாசலில் சங்கரலிங்கம் வந்து நின்றார். படகேறி, வெயிலில் நடந்து, பாராட்டு வாங்க வந்திருந்தார்.

"சாமி, மட்டாஞ்சேரியில பேப்பர் எல்லாம் காலி. நம்ம செய்திக்கு அவ்வளவு கிராக்கி. பாத்தீங்களா, ஒண்ணுல ஒரு பேரு விட்டுப் போயிருந்துச்சு, இன்னொண்ணுல இன்னொரு பேரு விட்டுப் போயிருந்துச்சு. சாமிக்கும் வயசாகுதில்ல. நானே ரெண்டுலயும் ரெண்டையும் சேத்துட்டேன்."

உதவி செய்தவனை அடிக்க முடியாது. ராமபத்ரன் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

பேப்பரை ஒளித்தது மட்டும் போதுமா? அன்று சாயங்காலம் சங்கத் தலைவர் சுபேதார் பிச்சைமணி பூட்ஸ் சத்தத்தோடு மாடி ஏறினார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் செருப்புக்கு இறங்காதவர்.

"இன்னைக்கு எனக்கு பேப்பர் கிடைக்கலை. சங்கத்துல ஒருத்தனுக்கும் கிடைக்கலை. சரமம் பாக்காம சாயா தொண்டையில இறங்குமா? எவன் இருக்கான் எவன் போனான்னு தெரியாம ஒரு நாளை எப்படிய்யா ஆரம்பிக்கிறது?"

"அது வந்து சார்..."

"பிராட்வே ஏஜெண்ட் வழியில பாத்துச் சொல்றான், செல்லதுரை செய்தி வந்திருக்காம். நம்ம ஜவானோட சரமம், நாம ஒருத்தரும் பாக்கலை. வெட்கக்கேடு. ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம். பியூகிள் ஊதணும். வீட்டுக்காரம்மாவை முன்வரிசையில உக்கார வைக்கணும். ஏற்பாடு பண்ணு."

ஒருத்தியை மட்டும் அழைத்தால் இன்னொருத்தி காதுக்கு எட்டாமல் இருக்காது. பியூகிள் சத்தம் மட்டாஞ்சேரி முழுக்கக் கேட்கும். ராமபத்ரன் அட்டென்ஷனில் நிமிர்ந்து நின்றார்.

"சார், ரெகுலேஷன் பிரகாரம் இவனுக்கு இரட்டை அஞ்சலி."

"அதென்ன?"

"சண்டையில காயம்பட்டவனைக் காப்பாத்தின டிரைவருக்கு ஒரே நாள்ல ரெண்டு கூட்டம் வெக்கணும். பாரா நாற்பத்தேழு, சப் பாரா சி."

அந்த சப் பாரா அந்த நொடியில்தான் பிறந்தது. ஆனால் பாரா நம்பர் சொல்லிவிட்டால் சுபேதார் பிச்சைமணி அதற்கு மேல் பேச மாட்டார். "டீக் ஹை" என்றார். "மூணு மணிக்கு ஒண்ணு, அஞ்சு மணிக்கு ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை இடவப்பாதிப் பருவமழை கொட்டியது. மூன்று மணிக்கு கமலாக்ஷி வந்தாள். மூங்கில் பிடி போட்ட, மிலிட்டரிப் பச்சைக் குடையை மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். ராமபத்ரன் வாசலிலேயே மறித்தார்.

"பேப்பர் ஏதாவது பாத்தேளோ?"

"இல்ல சார். எங்க பக்கம் அன்னைக்கு பேப்பரே வந்தில்ல."

ராமபத்ரன் குருவாயூரப்பனுக்கு மனசுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். பியூகிள் ஊதியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுபேதார் பேசினார். ராமபத்ரன் எழுந்து ஸ்ரீராமன் கதையைச் சொன்னார். கமலாக்ஷி மறுபடி நேரியதால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. போகும்போது மட்டும் அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"சேட்டனுக்கு இந்த லோகத்தில பயம் உங்க ஒரு ஆளுக்குத்தான் சார். சார் அறிஞ்சா என்ன நினைக்கும், சார் அறிஞ்சா என்ன நினைக்கும்னு எப்பவும் சொல்லும்."

"எதை அறிஞ்சா?" என்று கேட்க வந்தவர், கேள்வி எங்கே போய் முடியும் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டார். "ஜாக்கிரதையா போயிட்டு வாங்கோ" என்று அவளை அனுப்பினார்.

சங்கத்துக்காரர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். "உக்காருங்கய்யா, சப் பாரா சி இருக்கு" என்று சுபேதார் அதட்டினார். பியூகிள்காரர் உதட்டைத் தடவிக்கொண்டார். இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

ஐந்து மணிக்கு மாயம்மாள் வந்தாள். மூங்கில் பிடி போட்ட, மிலிட்டரிப் பச்சைக் குடையை மடக்கி அதே சுவரோரம் சாத்தினாள். ராமபத்ரன் குடையைப் பார்த்தார். மிலிட்டரி கேண்டீனில் வாங்கும்போதே செல்லதுரை இங்கே ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கியிருக்கிறான். தப்புப் பண்ணினாலும் நியாயமாகப் பண்ணியிருக்கிறான்.

"பேப்பர் ஏதாவது..." என்று இழுத்தார்.

"நான் கைநாட்டு அய்யா. பேப்பர்ல என்னத்தப் பாக்கப் போறேன்."

மறுபடி பியூகிள் ஊதியது. மறுபடி எழுந்தார்கள். சுபேதார் மூன்று மணிப் பேச்சை ஒரு சொல் மாறாமல் பேசினார். பிறகு ராமபத்ரன் எழுந்தார். ஸ்ரீராமன் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். வரவில்லை. பொய் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. போட்டோவில் செல்லதுரை பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவன் எப்படிப்பட்டவன்னு எனக்கு சரியாத் தெரியாது" என்றார். "இத்தனை நாளாத் தெரியும்னு நினைச்சேன். எனக்கு ஒண்ணுதான் தெரியும். விளக்கில்லாத லாரியில நான் ரத்தத்துல கிடந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாடி, 'சார், பள்ளம் வருது, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க'ன்னு சொல்லிண்டே வந்தான். அவனுக்கே ரோடு தெரியலை. எனக்கு வலிக்கப்படாதுன்னு சொன்னான். அந்தக் குரல் இல்லேன்னா நான் இல்லை. மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம். அவன் என் மனுஷன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதார். தூங்கிய இரண்டு பேரும் விழித்துக்கொண்டார்கள். சுபேதார் பிச்சைமணி சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

மாயம்மாள் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். அவளும் அழுதாள், அந்த அழுகையில் ஒரு சந்தேகமும் இல்லை.

"அழாதீக அய்யா. ஒங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் அவுக கடைசி வரைக்கும் நெனச்சாக. எங்களுக்கு... எனக்கும் அதுதான்."

குடையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். சங்கத்துக்காரர்களும் ஒவ்வொருவராக மழையில் போய்விட்டார்கள். ராமபத்ரன் தனியாக உட்கார்ந்திருந்தார். உடம்பு அலுத்திருந்தாலும் மனசு லேசாக இருந்தது. காலி கிளாஸ்களைப் பொறுக்க அப்பு மேலே வந்தான்.

"முடிஞ்சுது அப்பு" என்றார் ராமபத்ரன். "ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பாக்கலை. ஒருத்தி மனசும் உடையலை. செல்லதுரை எனக்குச் செஞ்சதுக்கு நான் ஏதோ கொஞ்சம் திருப்பிச் செஞ்சுட்டேன்."

அப்பு கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான். கீழே தெருவில், ஒரே பச்சைக் குடைக்குள் நாலு கால்கள் நெருக்கியடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"சாமி, அடுத்த வருஷ அஞ்சலிக்காவது ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லுங்க, பத்து வருஷமா ஒரே வீட்டில ஒரே அடுப்பில கஞ்சி வச்சுக் குடிக்கிறவங்க, நீங்க இத்தனை பாடுபட்டு மறைக்கிறதைப் பாத்து உங்க மனசு நோகக்கூடாதுன்னு, இருக்கிற ஒத்தைக் குடையை மாத்தி மாத்திப் பிடிச்சு ஒருத்தி மேல வந்தா ஒருத்தி என் கடையில ஒளிஞ்சிருந்து இன்னும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவாங்க?"